டிவி பதிவை வெட்டிய பிறகு உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

இரண்டு மணி நேரப் பதிவு. விளம்பரங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சேமித்து ஓட்டிப் பார்க்கிறீர்கள். செய்தி வாசிப்பவர் வாயை மூடிய பிறகு கடைசிச் சொல் கேட்கிறது. உடனே கை போவது ஒலி முழுவதையும் முன்னோ பின்னோ நகர்த்தும் "ஆடியோ டிலே" என்ற கட்டத்துக்குத்தான். அங்கே ஓர் எண்ணைப் போட்டால் அந்த இடம் சரியாகிறது. பத்து நிமிடம் தள்ளிப் போனால் மறுபடியும் பிசகு. எண்ணை மாற்றினால் இப்போது தொடக்கம் கெட்டுவிடுகிறது.

ஒலி விலகுவது ஒரே நோய் அல்ல. குறைந்தது ஐந்தாறு நோய்கள் ஒரே மாதிரி இருமுகின்றன. டிலே கட்டம் அவற்றில் ஒன்றுக்குத்தான் மருந்து. எது எது என்று பிரித்தறிய ஒரு வழிதான் இருக்கிறது: விலகலை ஓர் இடத்தில் மட்டும் அளக்காமல் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் அளப்பது. அதுவும் வெட்டாத மூலக் கோப்பில் ஒரு முறை, வெட்டிய கோப்பில் ஒரு முறை. இந்த ஆறு எண்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அளப்பது எப்படி

முதலில் புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு முறை பதிவு முழுவதையும் 200 மில்லி விநாடி நகர்த்திச் சேமித்து, மூலத்தையும் அழித்துவிட்டு, மறுநாள் ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் புரிந்தது, பிழை கோப்பில் இல்லை, என் காதில் மாட்டியிருந்த கருவியில் என்று. கம்பி ஹெட்போனோ கணினியின் சொந்த ஸ்பீக்கரோ போதும்.

அடுத்து, எதைப் பார்த்து அளப்பது? பேசும் முகம் அருகில் தெரியும் காட்சி வேண்டும். ப, ம இரண்டும் இதற்கு நல்ல எழுத்துகள். இரண்டு உதடும் ஒட்டாமல் அவற்றைச் சொல்லவே முடியாது. "அப்பா", "அம்மா", "எப்போது" என்று யாராவது சொல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அப்பா"வில் உதடு ஒட்டியிருக்கும் நேரம் முழுக்க ஒலி அடங்கியிருக்க வேண்டும், பிரியும் கணத்தில் "பா" வெடிக்க வேண்டும். மேஜையில் வைக்கும் டம்ளர், சாத்தும் கதவு ஆகியவையும் உதவும். தூரத்துக் காட்சிகளை நம்ப வேண்டாம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். முப்பது மீட்டர் தள்ளி அடிக்கும் மேளத்தின் ஓசை கேமராவின் மைக்குக்கு வரவே 90 மில்லி விநாடி அளவுக்கு ஆகிவிடும். அது பிழை இல்லை, இயற்கை.

வி.எல்.சி. பிளேயரில் ஜே விசை ஒலியை முன்னுக்கு இழுக்கும், கே விசை பின்னுக்குத் தள்ளும். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி. திரையில் எண்ணும் வரும். உதடு பொருந்தும் வரை தட்டி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பார்ப்பதற்கான மாற்றம் மட்டுமே, கோப்பை எதுவும் செய்யாது. துல்லியமாக வேண்டுமென்றால் இ விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்தலாம். ஆனால் அப்போது ஒலி கேட்காது என்பதால் உதடு ஒட்டும் ஃபிரேமைக் கண்டுபிடிக்கத்தான் அது பயன்படும்.

எவ்வளவு விலகினால் கவலைப்பட வேண்டும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 என்ற பரிந்துரை, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ மனிதர்கள் கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள் என்கிறது. இரண்டும் சமமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. உலகத்தில் எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் ஒலி வருகிறது. பின்னால் வருவதற்கு மூளை பழகியிருக்கிறது, முன்னால் வருவதற்கு அல்ல. ஆகவே சந்தேகம் இருந்தால் ஒலி சற்றுப் பிந்தியே இருக்கட்டும். ஒரு ஃபிரேமுக்குள் இருக்கும் விலகலைத் துரத்திக்கொண்டு இரவைக் கழிக்க வேண்டாம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி.

சரி, எண்கள் வந்துவிட்டன. இனி உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல்

மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண். இதுதான் எளிய வகை, டிலே கட்டம் வேலை செய்யும் ஒரே வகையும்கூட.

ஒளிபரப்பு டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமாக வருகிறது. 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்கள், படமும் ஒலியும் மாறி மாறி. ஒரே கணத்தைச் சேர்ந்த படமும் ஒலியும் பக்கத்துப் பக்கத்துப் பொட்டலங்களில் இருப்பதில்லை. படத்தைப் பிரித்தெடுக்க அதிக நேரம் வேண்டும் என்பதால் படத்தின் பொட்டலங்கள் முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. எது எப்போது காட்டப்பட வேண்டும் என்பதை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியுள்ள நேர முத்திரைதான் சொல்கிறது. பதிவு நடுவழியில் தொடங்கும்போது, கோப்பில் இருக்கும் முதல் படமும் முதல் ஒலியும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவை. நேர முத்திரையைப் படிக்கும் பிளேயர் இதைச் சமாளித்துவிடும். படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்தால் முத்திரை தொலைந்துபோகும். இரண்டும் பூஜ்யத்தில் தொடங்குவதாக அடுத்த மென்பொருள் நினைத்துக்கொள்ளும். அந்த வித்தியாசம் அப்படியே கடைசி வரை நிற்கும்.

டிஜிஇண்டெக்ஸ் போன்ற பழைய கருவிகள் பிரிக்கும்போதே அந்த வித்தியாசத்தை ஒலிக் கோப்பின் பெயரில் எழுதிவிடும்: டிலே, மைனஸ் 66 மில்லி விநாடி என்பதுபோல. பலர் அந்தப் பெயரை அழகாக இல்லையென்று மாற்றிவிட்டு, பிறகு தலையைச் சொறிவார்கள். மாற்றாதீர்கள், அது மருந்துச் சீட்டு.

சரிசெய்ய எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் கோப்பைச் சேர்த்து, ஒலித் தடத்தைத் தேர்ந்தெடுத்து, டிலே கட்டத்தில் எண்ணைப் போட்டு மறுபொதி (படத்தையும் ஒலியையும் அப்படியே புதுக் கோப்பில் அடுக்குவது) செய்யுங்கள். ஒலி பிந்தினால் எதிர்ம எண், முந்தினால் நேர்ம எண். எதையும் மறுபடி என்கோட் செய்யவில்லை, அதாவது புதிதாகச் சுருக்கவில்லை என்பதால் தரம் குறையாது, ஓரிரு நிமிடத்தில் முடியும். அவிடெமக்ஸிலும் இடப்பக்கம் ஒலிப் பகுதியில் "ஷிஃப்ட்" என்று ஒரு கட்டம் உண்டு, அதே வேலைதான்.

தொடக்கத்தில் சரி, போகப் போக விலகுகிறது

இது வேறு ஊர். இங்கே டிலே உதவாது. படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன, எனவே ஒன்றை நீட்டவோ சுருக்கவோ வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டால் காரணமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

மணிக்கு 3.6 விநாடி அளவில் விலகினால் வேறெங்கும் தேட வேண்டாம். 29.97 என்று ஓட வேண்டிய படத்தை எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது அதற்கு நேர்மாறாக. என்.டி.எஸ்.சி. என்ற தொலைக்காட்சி முறையில் உண்மையான வேகம் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. இரண்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். 3600 விநாடியில் அது 3.6 விநாடி. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் அதைத் திறந்து ஃபிரேம் வேகத்தைப் பார்த்துவிட்டு, எடிட்டரின் புராஜெக்ட் அமைப்பில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டரில் 30, மீடியாஇன்ஃபோவில் 29.97 என்றிருந்தால் பிடித்துவிட்டீர்கள்.

விலகல் மிகப் பெரிதாக இருந்து, குரலும் கீச்சென்றோ கரகரவென்றோ மாறியிருந்தால் 48000-க்குப் பதில் 44100 என்று மாதிரி வேகம் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்) தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் நிமிடத்துக்கு ஐந்து விநாடி போல ஓடிவிடும். இதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மணிக்குக் கால் விநாடி, அரை விநாடி என்று சின்னதாக நகர்ந்தால்தான் தந்திரமான வகை. அனலாக் பதிவில் இது அடிக்கடி வரும். படம் கேப்சர் கார்டு வழியாகவும் ஒலி கணினியின் சவுண்டு கார்டு வழியாகவும் உள்ளே வந்தால், இரண்டுக்கும் தனித்தனிப் படிகக் கடிகாரங்கள். ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டாலே மணிக்கு 180 மில்லி விநாடி வந்துவிடும். யாருடைய தவறும் இல்லை. சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டினால் ஒன்று முந்தத்தான் செய்யும்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். வெட்டாத பதிவில் 5-வது நிமிடத்தில் ஒலி 40 மில்லி விநாடி பிந்துகிறது. 115-வது நிமிடத்தில் 480 மில்லி விநாடி. இடையில் 110 நிமிடம், அதாவது 6600 விநாடி. அதில் கூடியது 440 மில்லி விநாடி, அதாவது 0.44 விநாடி. ஆக, ஒலிக்கு 6600.44 விநாடி எடுக்கும் இடத்தில் படம் 6600-இலேயே முடிந்துவிடுகிறது. படத்தை 6600.44 வகுத்தல் 6600 என்ற விகிதத்தில் நீட்டினால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்.

நடுப்பகுதியில் எடுத்த மூன்றாவது எண் இங்கே உதவிக்கு வரும். 60-வது நிமிடத்தில் 260 அளவில் இருந்தால் விலகல் ஒரே சீராகக் கூடுகிறது, இந்தக் கணக்கு செல்லும். 60-இல் இன்னும் 40-ஆகவே இருந்து பிறகு திடீரென 480 ஆகியிருந்தால் நீங்கள் தவறான தலைப்பில் நிற்கிறீர்கள், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

எம்கேவிடூல்நிக்ஸில் டிலே கட்டத்துக்கு அருகிலேயே "ஸ்ட்ரெச் பை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 6600.44/6600 என்று பின்னமாகவே எழுதலாம். ஆனால் அதை எழுத வேண்டியது ஒலித் தடத்தில் அல்ல, படத் தடத்தில். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அந்தக் கட்டம் நேர முத்திரைகளை மட்டுமே மாற்றுகிறது. படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் கடுகளவு அதிக நேரம் திரையில் நிற்பதால் யாருக்கும் தெரியாது. ஒலியின் முத்திரைகளை அப்படி மாற்றினால் உள்ளிருக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க, பிளேயர் குழம்பிச் சிலநேரம் டிக் டிக்கென்று சத்தம் எழுப்பும். ஒலியைத்தான் நீட்டியாக வேண்டும் என்றால் அதைத் தனியே பிரித்து ஆடாசிட்டியில் நீளத்தை மாற்றி, மறுபடி என்கோட் செய்வதே சரி.

பாக்கி ஒன்று உண்டு. மேற்கண்ட கணக்கில் முதல் 5 நிமிடத்தில் நகர்வினால் மட்டும் 20 மில்லி விநாடி வந்திருக்கும். நாம் அளந்தது 40. மீதி 20 தொடக்கத்திலிருந்தே இருக்கும் நிலையான விலகல். ஒலித் தடத்தின் டிலேயில் மைனஸ் 20 போடலாம். போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

விர்ச்சுவல்டப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். வீடியோ மெனுவில் ஃபிரேம் வேகப் பகுதிக்குப் போனால், படமும் ஒலியும் ஒரே நீளத்தில் முடியும்படி வேகத்தை மாற்று என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது. பதிவு ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நின்றிருந்தால் மட்டுமே அதை நம்பலாம். ஒரு பக்கம் வெட்டிய கோப்பில் அதைத் தட்டினால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

ஓர் இடம் வரை சரி, அங்கிருந்து திடீரெனத் தாவுகிறது

வெட்டாத மூலத்தில் சரியாக ஓடுகிறது. எடிட்டரில் இட்டாலோ பிரித்துச் சேர்த்தாலோ 43-வது நிமிடத்திலிருந்து முக்கால் விநாடி விலகல். அந்த இடத்தை மூலத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் படம் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். மழை, பறவை, ஆன்டெனா கேபிள், எதுவாகவும் இருக்கலாம், ஆனால் அங்கே சில பொட்டலங்கள் வந்து சேரவில்லை.

படத்தில் போனது 20 ஃபிரேம், ஒலியில் போனது ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முத்திரையைப் படிக்கும் பிளேயர் படத்தை 0.8 விநாடி உறையவிட்டு மறுபடி சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். முத்திரையை உதறிவிட்டு ஃபிரேம்களை வரிசையாக அடுக்கும் மென்பொருள் அந்தக் குழியை மூடிவிடும். படம் 0.8 விநாடி குட்டையாகிவிட்டது. அதன்பின் வரும் எல்லாமே அந்த அளவு முந்திக்கொள்ளும், ஒலி அந்த அளவு பிந்திக் கேட்கும்.

எனவே விதி: ஓட்டையை அடைப்பது முதலில், வெட்டுவது பிறகு. எம்பெக்-2 என்ற பழைய சுருக்கு முறையில் உள்ள பதிவாக இருந்தால் ப்ராஜெக்ட்எக்ஸ் இன்னும் இந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. ஜாவாவில் ஓடும், பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் எங்கே என்ன தொலைந்தது என்று ஒரு பதிவேடு எழுதி, குழிகளில் ஒலியைச் சேர்த்தோ குறைத்தோ இரண்டையும் சமமாகக் கொண்டுவந்துவிடும். எச்.264 என்ற புதிய சுருக்கு முறையில் உள்ள படத்தை அது எடுத்துக்கொள்ளாது. அங்கே கட்டளை எழுதி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் பக்கம் போக வேண்டும். ஒலியை மட்டும் மறுபடி என்கோட் செய்யச் சொல்லி, ஏரீசாம்பிள் வடிகட்டியில் ஏசிங்க் என்பதற்கு 1 என்று கொடுத்தால், முத்திரையில் இடைவெளி தெரியும் இடங்களில் மௌனத்தை நிரப்பும். படத்தில் குழி இருந்தால், படத்தையும் மறுபடி என்கோட் செய்யும்போது நிலையான ஃபிரேம் வேகம் கேட்டால் காணாமல்போன ஃபிரேம்களுக்குப் பதில் முந்தையதையே திரும்பப் போடும்.

அந்த உடைந்த இடம் ஒரு விளம்பரத்துக்குள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முத்திரையை மதிக்கும் எடிட்டரில் அந்த விளம்பரத்தோடு சேர்த்து வெட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கொஞ்சம் கூடுகிறது

மூலம் மூன்று இடத்திலும் சுத்தம். வெட்டிய கோப்பில் முதல் வெட்டு வரை சரி, அப்புறம் படிக்கட்டுபோல ஏறுகிறது. இதுதான் வெட்டும் வேலையின் சொந்தப் பிழை. இதற்கு இரண்டு முகங்கள்.

முதல் முகம் சின்னப் படி. ஒலியும் ஃபிரேம்களாகவே பொதியப்படுகிறது, ஆனால் படத்தின் ஃபிரேமும் ஒலியின் ஃபிரேமும் ஒரே நீளம் இல்லை. எம்பெக் லேயர் 2 ஒலியில் ஒரு ஃபிரேமுக்கு 1152 மாதிரிகள், 48000 வேகத்தில் 24 மில்லி விநாடி. ஏ.சி.-3-இல் 1536, அதாவது 32 மில்லி விநாடி. ஏ.ஏ.சி.-யில் 1024, ஏறக்குறைய 21. படத்தின் 40 மில்லி விநாடிக் கோட்டில் கத்தியை வைத்தால் ஒலியின் கோடு அங்கே இருக்காது. முன்னாலோ பின்னாலோ நகர்த்தித்தான் வெட்ட முடியும். நல்ல கருவி இந்தச் சில்லறைப் பாக்கியை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வெட்டில் எதிர்ப் பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். கணக்கு வைக்காத கருவி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக நகர்த்தும். பத்து வெட்டுக்கு லேயர் 2-இல் மோசமான நிலையில் 240 மில்லி விநாடி வரை சேர்ந்துவிடும். படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கருவியில் ஒரே நேரப் பட்டியலை வைத்து வெட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். அப்படி வெட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் கருவியில் வெட்டுங்கள்.

இரண்டாவது முகம் பெரிய படி, ஒரே வெட்டில் கால், அரை விநாடி. இங்கே குற்றவாளி கீ ஃபிரேம். சுருக்கப்பட்ட படத்தில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. முழுசாக இருப்பது அவ்வப்போது வரும் ஐ ஃபிரேம் (இதுதான் கீ ஃபிரேம்) மட்டும், மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். எம்பெக்-2 ஒளிபரப்பில் ஐ ஃபிரேம் பெரும்பாலும் அரை விநாடிக்கு ஒன்று வரும். எச்.264-இல் ஒன்றிரண்டு விநாடிகூட ஆகலாம். மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டும்போது ஒரு துண்டு ஐ ஃபிரேமில்தான் தொடங்க முடியும்.

நீங்கள் 12 நிமிடம் 4.60 விநாடியில் நிகழ்ச்சி தொடங்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு முந்தைய ஐ ஃபிரேம் 4.20-இல் இருக்கிறது. படம் 4.20-இலிருந்து எடுக்கப்படுகிறது, ஒலியோ நீங்கள் கேட்டபடி 4.60-இலிருந்து. இரண்டையும் தலைக்குத் தலை ஒட்டினால் ஒலி 400 மில்லி விநாடி முந்திவிடும். முந்துவதைக் காது மன்னிக்காது என்று மேலே பார்த்தோமே, அதனால்தான் இந்த வகைப் பிழை உடனே உறுத்துகிறது.

எளிய தீர்வு, தொடக்கப் புள்ளியை நீங்களே ஐ ஃபிரேமில் வைப்பது. அவிடெமக்ஸில் மேல் அம்பு, கீழ் அம்பு விசைகள் கீ ஃபிரேமுக்குக் கீ ஃபிரேம் தாவும். கீழே ஃபிரேமின் வகையும் காட்டும், அங்கே ஐ என்று வர வேண்டும். காட்சி மாறும் இடத்தில் என்கோடர்கள் ஐ ஃபிரேம் போடுவது வழக்கம் என்பதால், விளம்பரம் முடிந்து நிகழ்ச்சி தொடங்கும் கணத்திலேயே ஒன்று கிடைத்துவிடும் வாய்ப்பு நிறைய. கிடைக்காவிட்டால் விளம்பரத்தின் கடைசி அரை விநாடி ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பொறுக்க முடியாதவர்களுக்கு ஸ்மார்ட் ரெண்டர் வகைக் கருவிகள் இருக்கின்றன. வெட்டின் இரு ஓரங்களில் இருக்கும் சில ஃபிரேம்களை மட்டும் மறுபடி என்கோட் செய்து, மற்றதை அப்படியே நகலெடுக்கும். டிஎம்பிஜிஎன்க் ஸ்மார்ட் ரெண்டரர் அந்த வகை. லாஸ்லெஸ்கட்டிலும் சோதனை நிலையில் ஒன்று உண்டு, எல்லாக் கோப்பிலும் அது சொல்பேச்சுக் கேட்பதில்லை.

வெட்டிய துண்டுகளை எம்கேவிடூல்நிக்ஸில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதாக இருந்தால், ஒட்டும் முறை கோப்பு அடிப்படையில் இருக்கிறதா என்று பாருங்கள், தட அடிப்படையில் அல்ல. தட அடிப்படையில் படம் படத்தோடும் ஒலி ஒலியோடும் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். துண்டுகளில் இரண்டின் நீளமும் சமமாக இல்லாவிட்டால் மறுபடி படிக்கட்டுதான்.

ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் பத்து விநாடி ஓட்டிப் பாருங்கள். எட்டு ஒட்டுக்கு எண்பது விநாடி. அனைத்தையும் முடித்துவிட்டு இறுதியில் கண்டுபிடிப்பதைவிட மலிவு.

முதல் ஒன்றிரண்டு விநாடி படம் உறைந்தோ கறுப்பாகவோ இருக்க, ஒலி மட்டும் ஓடுகிறது

இதுவும் கீ ஃபிரேமின் கைவரிசைதான், வேறு வேடத்தில். எஃப்எஃப்எம்பெக்கில் தொடக்க நேரத்தைக் குறிக்கும் எஸ்எஸ் தெரிவை உள்ளீட்டுக் கோப்புக்குப் பின்னால் எழுதி, நகலெடுக்கும் முறையில் (மறுபடி என்கோட் செய்யாமல்) வெட்டினால், ஒலி கேட்ட இடத்தில் தொடங்கும். படம் அடுத்த கீ ஃபிரேம் வரும் வரை காத்திருக்கும். உள்ளீட்டுக்கு முன்னால் எழுதினால் முந்தைய கீ ஃபிரேமுக்குப் போய் இரண்டையும் அங்கிருந்தே எடுக்கும். விலகல் எண் பூஜ்யமாக இருப்பதால் இது ஒத்திசைவுப் பிழையே அல்ல. டிலேயைத் தொட்டு இருப்பதையும் கெடுத்துவிடாதீர்கள்.

கணினியில் சரி, டிவியில் தவறு

எம்பி4 கோப்பானால் சந்தேகம் எடிட் லிஸ்ட் மேல். "இந்த முதல் 400 மில்லி விநாடியைக் காட்டாதே" என்று கோப்புக்குள் எழுதிவைக்கும் சிறு குறிப்பு அது. சில பிளேயர்கள் அதை மதிக்கும், சில டிவிகள் கண்டுகொள்ளாது. அதே துண்டை எம்கேவியாகப் பொதிந்து டிவியில் போட்டுப் பாருங்கள். ஐ ஃபிரேமில் சரியாக வெட்டியிருந்தால் அந்தக் குறிப்பு பெரிதாகத் தேவைப்படவே செய்யாது.

ஏ.வி.ஐ. கோப்பாக இருந்து, உள்ளே மாறும் பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) கொண்ட எம்பி3 ஒலி இருந்தால் அந்தப் பெட்டிக்கு அது பொருந்தாத சரக்கு. திறக்கும்போதே விர்ச்சுவல்டப் எச்சரிக்கும், நாம்தான் மூடிவிட்டு மேலே போவோம். ஒலியை டபிள்யூஏவி-யாக விரித்து, நிலையான பிட்ரேட்டில் மறுபடி சுருக்கிச் சேருங்கள்.

கோப்பு இந்த இரண்டு வகையும் இல்லை என்றால் டிவியின் சவுண்டுபாரைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்போன் கதை ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு மணி நேரப் பதிவு 26 மணி நேரம் என்று காட்டுகிறது

நேர முத்திரை 33 பிட் எண். விநாடிக்கு 90000 வீதம் எண்ணிக்கொண்டே போகும். ஏறக்குறைய 26 மணி 30 நிமிடத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். உங்கள் பதிவு நடந்துகொண்டிருந்தபோது அந்தத் திருப்பம் நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எடிட்டரில் நேராகத் திறக்காமல் ப்ராஜெக்ட்எக்ஸிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ ஒருமுறை மறுபொதி செய்தால் முத்திரைகள் ஒழுங்காகிவிடும். அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

விளம்பரத்துக்குப் பிறகு ஒலி காணாமல் போகிறது, அல்லது அங்கிருந்து விலகுகிறது

நிகழ்ச்சி 5.1 (ஆறு ஸ்பீக்கர்) ஒலியில், விளம்பரம் ஸ்டீரியோவில் என்று நடுவழியில் மாற்றும் சேனல்கள் உண்டு. கோப்பின் முதல் சில விநாடிகளைப் பார்த்துவிட்டு முழுவதும் அப்படித்தான் என்று முடிவுகட்டும் மென்பொருள் இதில் தடுமாறும். பதிவின் தொடக்கத்தில் முந்தைய நிகழ்ச்சியின் வால் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், முழுப் படத்தையும் ஸ்டீரியோ என்றே நினைத்துக்கொள்ளும். முன்வாலையும் விளம்பரங்களையும் நகலெடுக்கும் முறையிலேயே வெட்டிவிட்டு, அதன்பின் ஒலியை மாற்றுங்கள்.

பதிவுக் கருவி கோப்பைப் பல துண்டாகக் கொடுத்திருக்கிறது, ஒட்டும் இடத்தில் தாவுகிறது

ஒவ்வொரு துண்டையும் தனியே எம்பி4 ஆக்கிப் பிறகு சேர்க்கும் பழக்கம்தான் காரணம். டி.எஸ். (டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்) துண்டுகள் ஒரே நீண்ட ஓட்டத்தைக் கத்தரித்தவை. ஒலியின் பாதி இந்தத் துண்டின் முடிவிலும் மீதி அடுத்ததின் தொடக்கத்திலும் கிடக்கும். மாற்றுவதற்கு முன்பே, கோப்பு நகலெடுக்கும் சாதாரணக் கட்டளையால் பைட்டுக்குப் பைட் வரிசையாக ஒட்டிவிடுங்கள். வரிசை முக்கியம். 10-வது துண்டு 2-க்கு முன்னால் வந்து நிற்கும் பெயர் வரிசையில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

எதைச் செய்தாலும் உதடு பொருந்தவில்லை, ஆனால் எண்கள் இடத்துக்கு இடம் தாறுமாறாக வருகின்றன

பார்ப்பது மொழிமாற்றம் செய்த நிகழ்ச்சியா என்று கவனியுங்கள். அங்கே உதடு சொல்வது வேறு மொழி, ப-வும் ம-வும் உதவாது. கதவு சாத்தும் இடம், கைதட்டல், கண்ணாடி உடைவது என்று வாய் சம்பந்தப்படாத நான்கு சத்தங்களைத் தேடி அளந்து பாருங்கள். அவை நான்கும் பொருந்தினால் கோப்பில் ஒரு குறையும் இல்லை, எடிட்டரை மூடிவிடலாம்.